திங்கட்கிழமை ஆடிய ஒரு பந்து

சென்ற அத்தியாயம் முடிந்தபோது எங்கள் ஓபர்டால் ஊரே மழையில், முழங்கால் சேற்றில் நின்று கத்திக்கொண்டிருந்தது. கத்தியவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தொண்டை திறக்கவில்லை. தபால் நிலையத்து ரோசலிண்ட் வாடிக்கையாளர்களிடம் சைகையில்தான் பேசுகிறாள். யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மேற்கு கான்சஸில் எட்டு சின்ன ஊர்களின் உயர்நிலைப் பள்ளிகள் சேர்ந்தது எங்கள் வட்டார ஃபுட்பால் லீக். காலால் உதைக்கிறது இல்லை, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அதில் ஓபர்டால் முதலிடம் வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. எப்போதும் பக்கத்து ஊர் கெஸ்லர்தான் ஜெயிக்கும். அடுத்த வருஷம் இரண்டு ஊரிலுமே தனி அணிக்குப் பையன்கள் போதாது. அதனால் இரண்டையும் ஒன்றாக்கி வேறு பெயர் வைக்கப் போகிறார்கள். எங்கள் நீலச் சட்டைக்கு இதுதான் கடைசி வருஷம். அந்தக் கடைசி வருஷத்தில், போன வெள்ளிக்கிழமை, கெஸ்லரை எங்கள் பையன்கள் தோற்கடித்து முதலிடம் பிடித்தார்கள்.

மூன்று தடியன்கள் சட்டையைப் பிடித்துத் தொங்க, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தவன் கீகன் வாசிங்கர். கோச் லைல் வாசிங்கரின் ஒரே மகன். இந்த வெள்ளிக்கிழமை நாக்-அவுட் சுற்றின் முதல் மேட்ச், எங்கள் மைதானத்திலேயே. தன் கல்லூரி அணிக்கு எடுக்கலாமா என்று கீகனைப் பார்க்கக் கல்லூரி கோச் பிராண்ட் வரப்போகிறார். வீடியோவெல்லாம் பார்த்துவிட்டார். பெரிய மேட்சில் பையன் எப்படி நிற்கிறான் என்று நேரில் பார்க்க வேண்டுமாம்.

இன்றைக்குப் புதன்கிழமை. வாசிங்கர் வீட்டுச் சமையலறையில் காலை உணவு நடக்கிறது.

"உக்காந்து சாப்பிட்டா என்னடா குறைஞ்சு போயிடும்?" என்றாள் கீகனின் அம்மா ஜனெல். கீகன் தட்டைக் கையில் ஏந்தி, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று முட்டையை விழுங்கிக்கொண்டிருந்தான்.

"உக்காந்தா வலிக்குதும்மா."

"எங்க வலிக்குது?"

"எங்க வலிக்கலன்னு கேளு. சீக்கிரம் சொல்லிடுவேன்."

லைல் சிரித்தார். சிரிப்பு அவருக்குச் சுலபமாக வராது. போன வெள்ளிக்கிழமையிலிருந்துதான் பார்க்கிறோம். "வெள்ளிக்கிழமை வாங்கின அடி இன்னுமா போகல?" என்றார்.

"அது வெள்ளிக்கிழமை அடி இல்லப்பா. அதுக்கு முன்னால திங்கக்கிழமை ஜூனியர் மேட்ச்ல வாங்கினது. குட்டி ஓவன் அடிபட்டு விழுந்தான்னு என்னை எறக்கினியே. மொத பந்துலயே ஒரு தடியன் முட்டி மேல வந்து விழுந்துட்டான். எந்திரிச்சு நிக்கறதுக்குள்ள பக்கம் மாறச் சொல்லிட்டாங்க. நொண்டிக்கிட்டே அந்தக் கோடிக்கு நடந்தேன்."

லைலின் காப்பிக் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"பக்கம் மாறினது நீ எறங்கறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

"அப்புறம்தான். ஒரு பந்து ஆடினேன். அப்புறம் பக்கம் மாறினோம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஸ்கூலுக்கு நேரமாச்சு பாரு."

கீகன் கையில் இன்னொரு ரொட்டியைத் திணித்துக்கொண்டு ஓடினான். லைல் அந்தக் காப்பியைக் குடிக்கவே இல்லை.

லைல் ஏன் காப்பியை மறந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேட்சுக்கு நான்கு பகுதிகள். மூன்றாவது முடிந்து நான்காவது தொடங்கும்போது அணிகள் பக்கம் மாறும். ஒரு பையன் ஒரு வாரத்தில் ஜூனியர் அணி, முதல் அணி எல்லாம் சேர்த்து ஐந்து பகுதிகளுக்கு மேல் ஆடக் கூடாது. வளரும் எலும்புக்காகப் போட்ட விதி, நல்ல விதிதான். ஒரு பகுதியில் ஒரே ஒரு பந்துக்கு, பந்து கைக்கு வந்து ஆள் விழுகிற அந்த ஓர் ஓட்டத்துக்கு, உள்ளே போய் நின்றாலும் அது முழுப் பகுதியாகத்தான் கணக்கு. இது தெரியாமல் கோச்சாக இருக்க முடியாது.

லைலுக்குத் தெரியும். போன திங்கட்கிழமை ஜூனியர் மேட்சில் எங்கள் பக்கம் சரியாகப் பதினோரு குழந்தைகள்தான் இருந்தார்கள். மூன்றாம் பகுதியின் கடைசியில் ஓவன் கையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். மாற்றுக்கு ஆள் இல்லை. எதிர் அணிப் பிள்ளைகள் அத்தனை தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள், எங்கள் பொடியன்கள் மேட்ச் நின்றுவிடுமோ என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஓவனோ அழுகிறான். வேடிக்கை பார்க்க வந்திருந்த கீகனை லைல் கூப்பிட்டார். நான்காம் பகுதி மட்டும், திங்கட்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை நான்கு, மொத்தம் ஐந்து, சரியாக இருக்கும் என்றுதான் அவர் கணக்குப் போட்டார்.

பள்ளிக்குப் பின்னால் இருக்கிற அந்த ஜூனியர் மைதானத்தில் நேரம் காட்டும் பலகை கிடையாது. நேரம் ரெஃப்ரியின் மணிக்கட்டில்தான் இருக்கும். ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது விசில் ஊதினார்கள். மூன்றாம் பகுதி முடிந்துவிட்டது என்று லைல் நினைத்துக்கொண்டார். அழுகிற ஓவனைப் பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரு பந்துக்கு அப்புறம் பக்கம் மாறியதை அவர் கவனிக்கவில்லை. கீகன் சொல்வது சரியென்றால் திங்கட்கிழமையே இரண்டு பகுதி, மொத்தம் ஆறு. பாவம் பார்த்து இறக்கினார், அதில் வந்த வினை இது.

விதை கடைக்காரர் கில்பர்ட்தான் அன்றைக்கு ரெஃப்ரி. கடை திறப்பதற்கு முன்பே லைலின் டிரக் அங்கே போய் நின்றது.

"என்னப்பா, கோதுமை விதைக்கற நேரமெல்லாம் முடிஞ்சுபோச்சே" என்றார் கில்பர்ட், மூட்டை ஒன்றை இறக்கிக்கொண்டே.

"கில்பர்ட், போன திங்கக்கிழமை ஓவன் அடிபட்டப்ப மூணாம் பகுதி முடிஞ்சிருந்துதா?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கறதுக்கா இந்தக் குளிர்ல வந்து நிக்கற? முடியல. ஏழெட்டு செகண்டு பாக்கி இருந்துச்சு. ஒரு பந்து போட்டோம், அப்புறம் முடிச்சேன். உன் பையன்கூட அதுல நல்லா..."

சொல்லும்போதே கில்பர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. அவரும் இருபது வருஷமாக விசில் ஊதுகிற மனுஷன். கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார்.

"லைல், எனக்கு வயசாச்சு. எதுவும் ஞாபகம் நிக்க மாட்டேங்குது."

"இப்பதானே செகண்டு கணக்கா சொன்ன."

"இப்ப மறந்துட்டேன். எவன் வந்து கேட்டாலும் எனக்கு விதை விலை மட்டும்தான் தெரியும். நீ போய் வெள்ளிக்கிழமைக்கு ஆக வேண்டியதைப் பாரு."

லைல் நன்றி சொல்லவில்லை. டிரக்கில் ஏறி, அதைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் பெண்கள் காலையிலேயே தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் கூடிவிட்டோம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு பீராக் செய்ய வேண்டும். மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வதக்கி, மாவுக்குள் வைத்து மடித்துச் சுடுகிற பன். எங்கள் ஊரில் மேட்ச் என்றால் அதுதான். எப்போதும் செய்கிறதைப் போல மூன்று மடங்கு செய்யலாம் என்று முடிவு செய்திருந்தோம். ஜனெல் கிளினிக்கில் லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று மாவை மடித்துக்கொண்டிருந்தாள். "கல்லூரிக்காரனுக்குத் தனியா ஒரு தட்டு எடுத்து வைக்கணும்டி" என்று அவளைச் சீண்டினோம். "அவனுக்குக் காரம் ஆகுமோ என்னமோ, நீங்க மிளகைக் கொட்டாதீங்க" என்றாள்.

அப்போதுதான் லைல் கதவருகில் வந்து நின்று அவளைக் கண்ணால் கூப்பிட்டார். மாவுக் கையோடு வெளியே போனாள்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. லைல் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

"கில்பர்ட்டுக்கு, எனக்கு. இப்ப உனக்கு."

"கெஸ்லர்காரங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

"ஜனெல், ஸ்கூல்ல விளையாட்டுப் பொறுப்பும் எங்கிட்டதான் இருக்கு. விதி மீறினா ஸ்கூல் விளையாட்டுச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டியவனே நான்தான்."

"அது உனக்குத் தெரிஞ்சாதானே? உனக்குத் தெரியல. இன்னைக்குக் காலைல அவன் முட்டி வலிக்குதுன்னு சொல்லாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"சொல்லிட்டானே."

ஜனெல் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். அது போகவில்லை, திரும்பத் துடைத்தாள்.

"அந்த பிராண்ட் வெள்ளிக்கிழமை இவனைப் பாக்கறான். சனிக்கிழமை வேற ஊர்ல இன்னொரு பையனைப் பாக்கறான். இருக்கறது ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமை இவன் ஆடலன்னா அது அந்தப் பையனுக்குப் போயிடும். தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் இங்கேருந்து ஓடறதுக்குத்தான் படிக்குது. இவன் ஒருத்தன்தான் காலேஜ்ல ஆடி, வாத்தியாருக்குப் படிச்சுட்டுத் திரும்பி வருவேங்கறான். வந்து என்ன ஆகணுமாம்? உன்னை மாதிரி கோச் ஆகணுமாம். அந்தப் பிள்ளைக்கு நீ பண்ணப்போறது இதுதானா?"

"மத்த பசங்க முகத்தைப் பாத்து நான் எப்படி நிப்பேன்?"

"நிப்ப. நான் நிக்கப்போறேன்ல, அதே மாதிரிதான்."

உள்ளே வந்து மறுபடியும் என் பக்கத்தில் நின்றாள். அவள் மடித்த பன்னெல்லாம் ஓரம் பிரிந்துகொண்டது. நான் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப ஒட்டி வைத்தேன். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று முகத்தில் தெரிந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் அவளைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள்?

லைல் மேல்தான் எனக்கு ஆத்திரம். சங்கத்துக்குப் போன் செய்திருந்தால், நேர்மையான மனுஷன் என்று அழுதுகொண்டே சொல்லியிருப்போம். மறைத்திருந்தால் அது அவருக்கும் அவர் கும்பிடுகிற கடவுளுக்கும் நடுவில் இருந்திருக்கும். அவர் இரண்டையும் செய்யவில்லை. வகுப்பு முடிந்து பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் மகனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

அந்த அறையில் எப்போதும் தைல வாசனையும் ஈர ஷூ நாற்றமும் இருக்கும். கீகன் தோள்கவசத்தை மாட்டிக்கொண்டு, தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு, சந்தோஷமாக வந்து நின்றான். பிராண்டைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்திருக்கிறான்.

லைல் சொன்னார். கீகன் முதலில் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான்.

"ஒரு பந்துக்கா?"

"ஒரு பந்துக்குத்தான்."

"ஜெயிச்சது போயிடுமா?"

"கெஸ்லருக்குப் போயிடும். நாம மூணாவது எடத்துக்கு எறங்கிடுவோம். நாக்-அவுட்டுக்கு ரெண்டு டீம்தான்."

"நீ சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல." லைல் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இது உன் மேட்ச்சுடா. உன் காலேஜ். அதான் உங்கிட்டக் கேக்கறேன். நீ வேண்டாம்னா நான் சொல்லல. நீ என்ன சொல்றியோ அதுதான்."

வெளியே பையன்கள் ஒருவரையொருவர் துரத்துகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கெஸ்லர்க்காரா என்று திட்டிச் சிரித்தார்கள்.

"அன்னைக்கு நான் ஏதாவது தப்பு பண்ணினேனாப்பா?"

"நீ ஒரு தப்பும் பண்ணலடா. போய் நில்லுன்னேன், நின்ன."

"அப்புறம் ஏன் எங்கிட்டக் கேக்கற?"

லைல் மேசையிலிருந்த விசிலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"கேக்காம போன் பண்ணியிருந்தா உம்மேல கோவப்பட்டிருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன், அப்புறம் சரியாப் போயிருக்கும். கேக்காம மறைச்சிருந்தா நான் பாட்டுக்கு ஆடியிருப்பேன். இப்ப சொல்லாதன்னு சொன்னா நான் திருட்டுப்பய. சொல்லுன்னு சொன்னா வெளிய ஓடிக்கிட்டிருக்கற அத்தனை பேர் மேட்சையும் கெடுத்தவன். இதுல எதுவா இருக்கப்போறன்னு என்னையே கேக்கற." அவன் குரல் உடைந்தது. பதினேழு வயதுப் பையனுக்கு அதில் வெட்கம் வேறு. "அப்பாவா கேக்கறியா, கோச்சா கேக்கறியா?"

"கீகன்..."

"போன் பண்ணுங்க கோச். நான்தான் பண்ணச் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தலைக்கவசத்தை நாற்காலியில் வைத்தான். தோள்கவசத்தையும் கழற்றி அதன் மேல் வைத்தான். பயிற்சிக்குப் போகாமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

சங்கத்தில் பேசிய அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். "ரொம்ப வருத்தமா இருக்குங்க கோச். யாரும் கேக்காமலே நீங்களா சொல்றீங்க" என்றாள். லைலுக்கு அந்தப் பாராட்டு காதில் ஏறவே இல்லை. கொஞ்ச நேரத்தில் முடிவு வந்துவிட்டது. வெற்றி கெஸ்லருக்கு. வெள்ளிக்கிழமை அவர்கள் ஊரில் மேட்ச். எங்களுக்கு இந்த வருஷத்து ஆட்டம் அதோடு முடிந்தது.

பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டு, பையன்களை உடை மாற்றும் அறையில் உட்காரவைத்து லைல் நின்றுகொண்டே சொன்னார். "தப்பு நான் பண்ணினது. கணக்குத் தப்பிடுச்சு. எந்தப் பையன்னு பேரு கேக்காதீங்க." பேர் கேட்க என்ன இருக்கிறது. திங்கட்கிழமை எவன் இறங்கினான் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு யார் வரவில்லை என்றும் பார்த்தார்கள்.

"அப்ப வெள்ளிக்கிழமை மேட்ச் இல்லையா கோச்?" என்று கேட்டான் ஒருவன்.

"இல்லப்பா."

"எப்பதான் இருக்கு?"

"இனிமே இல்ல."

பெரிய பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் சுவரைக் குத்தினான். கடைசி பெஞ்சில், கையில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த ஓவன் மட்டும் எழுந்தான். "நான் கீழ விழுந்ததாலயா கோச்?" என்று கேட்டான்.

"இல்லடா கண்ணா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

ஓவன் நம்பவில்லை. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று அவன் அம்மா என்னிடம் சொன்னாள்.

எங்களுக்குச் சேதி வந்தபோது மூன்று அடுப்பிலும் பன் வெந்துகொண்டிருந்தது. வெந்ததை எடுத்தோம், ஆறவைத்தோம், எதற்கென்று தெரியாமலே தட்டுத் தட்டாக ஃப்ரீசரில் அடுக்கினோம். ரோசலிண்ட் சைகையை விட்டுவிட்டுக் கட்டைக் குரலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சொந்தப் பையன்கிற ஆசைல ரெண்டு மேட்ச்லயும் எறக்கியிருக்காரு. இப்ப ஊரையே எறக்கிட்டாரு" என்றாள். ஜனெல் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ரோசலிண்டுக்குத் தொண்டை இன்னும் நாலு நாள் கட்டியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் லைல் ஜாக்கெட்டைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிட்ட" என்றாள் ஜனெல்.

"சொல்லிட்டேன்."

"கீகனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவன்கிட்டக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் அப்படியே திரும்பினாள். "பிள்ளைகிட்டயா கேட்ட?" என்றாள். கத்துவாள் என்று லைல் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. உருளைக்கிழங்கை எடுத்துவைத்துத் தோல் சீவ ஆரம்பித்தாள். சீவச் சீவக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் கீகனின் வண்டிச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் வராமல் நேரே வண்டிக் கொட்டகைக்குப் போனான். அவன் சாப்பிட்டானா என்று கேட்டுவரத்தான் லைல் எழுந்தார். கொட்டகையின் பக்கக் கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியில் கை வைத்தவர், உள்ளே பேச்சுக்குரல் கேட்டு நின்றார். கீகன் போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டியின் பானெட் மேல் வைத்திருந்தான்.

"சார், நான் கீகன் வாசிங்கர். ஓபர்டால்லேருந்து."

"சொல்லுப்பா. வெள்ளிக்கிழமை பாக்கறோம்ல?" பிராண்டின் குரல் உற்சாகமாக இருந்தது.

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் சார். நீங்க வர வேண்டாம், மேட்ச் இல்ல. ஒரு பையன் வாரத்துக்கு இவ்வளவுதான் ஆடலாம்ங்கறதுக்கு மேல ஆடிட்டான். ஜெயிச்சது செல்லாதுன்னுட்டாங்க."

"அடடா. யாருப்பா அந்தப் பையன்?"

"நான்தான் சார்."

பிராண்டின் குரலில் இருந்த உற்சாகம் இறங்கியது.

"உங்கப்பாதானே அங்க கோச்? இத்தனை வருஷம் வேலை பாத்த மனுஷன், அஞ்சு பகுதி எண்ணத் தெரியாதா அவருக்கு?"

"தெரியும் சார்." கீகன் வேகமாகச் சொன்னான். "அவர் சரியாத்தான் எண்ணினார். நாலாம் பகுதிக்குத்தான் எறங்கணும்னு சொன்னார். நான்தான் பொறுக்க முடியாம ஒரு பந்து முன்னாடியே உள்ள ஓடிட்டேன். எங்க கோச் மேல ஒரு தப்பும் இல்ல சார்."

கதவுக்கு இந்தப் பக்கம் லைல் கைப்பிடியை விட்டுவிட்டார்.

"சொன்னதைக் கேக்காம எறங்கிட்டியா?"

"ஆமா சார்."

"ம்..." பிராண்ட் பெருமூச்சு விட்டார். "நீயே கூப்பிட்டு ஒத்துக்கிட்ட பாரு, அது பெரிய விஷயம். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, தப்பா எடுத்துக்காத. வேகமா ஓடறவன் எனக்கு நிறைய பேர் கிடைப்பான். நில்லுன்னா நிக்கறவன்தான் கிடைக்க மாட்டான். சனிக்கிழமை அந்தப் பையனையும் பாத்துட்டுச் சொல்றேன்."

"சரி சார். தேங்க்ஸ் சார்."

போன் அணைந்தது. லைல் கதவைத் திறந்தார். கீகன் திரும்பிப் பார்த்தான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று அவனுக்கு உடனே தெரிந்தது.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

கீகன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "உனக்கு எண்ணத் தெரியாதுன்னு அவர் சொன்னார். எனக்குக் கேக்கப் பிடிக்கல."

"இப்பவே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடறேன். நான்தான் எறக்கினேன்னு சொல்றேன். அவர் நம்பரைக் குடு."

"உங்கிட்டயே இருக்கு. அன்னைக்கு மொதல்ல உன்னைத்தானே கூப்பிட்டார்." கீகன் அவரைத் தாண்டி வாசல்வரை போய் நின்றான். முகத்தில் கோபம்கூட இல்லை. அசந்துபோயிருந்தான். "நீ சொன்னா நான் பொய் பேசினவன். சொல்லலன்னா சொன்ன பேச்சு கேக்காதவன். எதுவா இருந்தாலும் இந்தத் தடவை நீயே முடிவு பண்ணிக்கப்பா."

அவன் வீட்டுக்குள் போனான். ஜனெல் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தமும், உட்காருடா என்று அவள் சொல்லுவதும் கேட்டது. லைல் கொட்டகையிலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிராண்டின் எண்ணைத் தேடி எடுத்திருந்தார். அதன் மேல் விரலை வைக்கவில்லை.